படகில் ஏறிய கண்டக்டர்

"உள்ள போங்க, உள்ள போங்க! வழியில நிக்காதீங்க!"

மூட்டைகளிடம்தான் சொல்கிறார். மூன்று அரிசி மூட்டை, இரண்டு போர்வைக் கட்டு, ஒரு பால் பவுடர் பெட்டி. ஒன்றுக்கும் காது கிடையாது. ஆனாலும் கண்டக்டர் முழங்காலால் தள்ளத் தள்ள, அவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஒதுங்குவதைப் பார்த்தால், சொல்பேச்சு கேட்பதாகத்தான் தோன்றும்.

ஆறு கரையை உடைத்த மறுநாளே, நான் தொண்டராக இருக்கும் இந்த நிவாரணப் படகில் வந்து ஏறிக்கொண்டார். டெப்போவில் பஸ்களின் கூரை மட்டும் வரிசையாக வெளியே தெரிகிறது. இருபத்தெட்டு வருடம் நின்றுகொண்டே பிரயாணம் செய்த மனிதருக்கு, வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லையாம். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், தோளில் தோல்பை. "யூனிஃபார்ம் எதுக்குங்க, நனையுதே?" என்று கேட்டேன். "காக்கி போடலைன்னா எனக்குக் குரல் வராதும்மா" என்றார்.

பையில் சில்லறை கிடந்த அறைகளில் இப்போது மாத்திரைகள். சர்க்கரைக்கு ஓர் அறை, ரத்த அழுத்தத்துக்கு ஓர் அறை, வலிப்புக்குத் தனியாக ஓர் அறை. எடுத்துக் கொடுக்கும்போது, டிக்கெட் கிழித்த பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். அப்புறம்தான் உறைக்கும், சட்டையில் துடைத்துக்கொள்வார்.

நீச்சல் தெரியுமா என்று முதல் நாளே விசாரித்தேன்.

"பஸ்ஸுல எதுக்கும்மா நீச்சல்?"

படகோட்டி அவருடைய மைத்துனன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. சாதாரண நாளில் இதே படகில் அக்கரைக்கு ஆள் ஏற்றுகிறவன். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் கிளப்பு என்று கண்டக்டர் சட்டம் போட்டபோது அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இது என்ன பஸ்ஸா மாமா? வாயால சொன்னா ஆகாதா?"

"எஞ்சின் சத்தத்துல உனக்கு என்ன கேக்கும் மாப்ளே? உங்க அக்கா கத்துறதே உன் காதுல விழறதில்ல."

ஆனால் மூன்றாம் நாள் அந்த மைத்துனனின் கை, திரும்பிப் பார்க்காமலேயே விசிலுக்கு ஆடத் தொடங்கிவிட்டது.

மொட்டை மாடிகளில் நிற்கிறவர்கள் அவரைத் திட்டுவார்கள். மணிக்கணக்காக மழையில் நிற்கிறவர்களுக்கு வேறு யார் கிடைப்பார்கள்! "ஏன்யா, நேத்து ஏன் வரல?" என்று ஓர் அம்மாள் மேலேயிருந்து சீறினாள். "நேத்து ட்ரிப் கட்டு! காத்து மேல கம்ப்ளெயிண்ட் எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன்" என்று இவர் கீழேயிருந்து பதில் கொடுத்தார். திட்டியவளே சிரித்துக்கொண்டு கூடையைக் கயிற்றில் இறக்கினாள்.

நான் சொல்ல வந்தது ஐந்தாம் நாள் மத்தியானத்தைப் பற்றி. புயல் அன்றைக்குத்தான் தன் முழுக் கோபத்தையும் காட்டியது. மழை மேலிருந்து விழவில்லை. பக்கவாட்டில் வந்து முகத்தில் அறைந்தது.

இன்னும் இரண்டு இடம் பாக்கி. ஒன்று பள்ளிக்கூடம், மாடி முழுக்க வீடிழந்த குடும்பங்கள். அதைத் தாண்டி, ஆற்று வளைவில், வாட்ச் ரிப்பேர்க்காரர் வீடு. அவர் மனைவிக்கு வலிப்பு. மாத்திரை தீர்ந்து முழுசாக ஒரு நாள் ஆகிவிட்டது. காலையில் அந்தப் பக்கம் போன வேறொரு படகில் அவர் சொல்லி அனுப்பியிருந்தார்: 'ராத்திரி ரெண்டு தரம் வந்துடுச்சு. இன்னொரு தரம் வந்தா தாங்க மாட்டா.'

"காத்து ஏறுது மாமா. பள்ளிக்கூடத்தோட திரும்பிடலாம்" என்றான் மைத்துனன்.

"கடைசி ஸ்டாப்புல ஒரே ஒரு ஆளு நின்னாலும் வண்டி போயே ஆகணும் மாப்ளே."

பள்ளிக்கூடத்தின் வராந்தாத் தூணில் படகைக் கட்டினோம். கண்டக்டர் படியில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, நான் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் வாங்கி உள்ளே நீண்ட கைகளில் ஏற்றினார். கடைசிப் போர்வையும் கைமாறியது. கயிற்றை அவிழ்த்து என் பக்கம் போட்டார். எல்லாம் இறங்கியாயிற்று. அந்த நிம்மதியில், இருபத்தெட்டு வருடப் பழக்கம் அவர் அனுமதியில்லாமலேயே விசிலை வாய்க்குக் கொண்டுபோனது.

இரண்டு விசில்.

மைத்துனன் எஞ்சினைக் கிளப்பினான். படகு பாய்ந்தது. கண்டக்டர் படியிலேயே நின்றார்.

நான் அலறியது அவனுக்கு எட்டுவதற்குள் வெள்ளம் எங்களை வெகுதூரம் இழுத்துவிட்டது. ஐயோ, மாத்திரை அவர் தோளில் அல்லவா இருக்கிறது! சுற்றி வளைத்துத் திரும்பி வந்தபோது, வேரோடு மிதந்து வந்த ஒரு மரம் படியை அடைத்துக்கொண்டு கிடந்தது. நிற்க இடமில்லை. நின்றால் வெள்ளம் படகைச் சுவரில் அடித்து நொறுக்கிவிடும்.

"பையை மட்டும் வீசுங்க மாமா! நாங்க போய்க் குடுத்துட்டு வர்றோம்!"

கண்டக்டர் பையைப் பார்த்தார். இடையில் சுழித்துக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். தவறினால், வளைவில் காத்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு அதோடு எல்லாம் முடிந்தது. பையை மார்போடு சேர்த்து, வாரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"நிறுத்தாதே மாப்ளே! சுவரை ஒட்டி மெதுவா விடு. நான் ஏறிக்கறேன்!"

வராந்தாவின் கைப்பிடிச் சுவர் பள்ளிக்கூடத்தின் நீளத்துக்கு ஓடுகிறது. ஒரு செங்கல் அகலம், அதன்மேல் மழை. ஐம்பத்து நான்கு வயது, முன்னால் தள்ளிய தொந்தி, நீச்சல் தெரியாத உடம்பு. அந்தச் சுவரில் ஏறி, படகு போகும் திசையிலேயே அவர் ஓடத் தொடங்கினார். மாடியிலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் மனது கேட்காமல் திறந்தேன்.

படகும் அவரும் இணையாகப் போன அந்த ஒரு நொடியில், வலது கையால் படகின் கூரைக் கம்பியைப் பிடித்து, இடது காலை முன்னால் நீட்டி, நகரும் பஸ்ஸின் படியில் தொற்றுவதைப் போலவே தொற்றி ஏறினார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆடி, நிமிர்ந்தது.

"அறிவிருக்கா மாமா உங்களுக்கு? யாரு உங்களை விசில் அடிக்கச் சொன்னா?" மைத்துனன் கத்தினான். கத்தும்போதே அழுதுவிட்டான்.

"தப்புதான்டா. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன், அப்புறம் திட்டு." சற்றுப் பொறுத்து, தணிந்த குரலில், "உங்க அக்காகிட்ட மட்டும் மூச்சு விடாதே."

வாட்ச் ரிப்பேர்க்காரர் மாடி பால்கனியில் இடுப்பளவுக்கு வெளியே சாய்ந்து நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் உள்ளே ஓடி மனைவியைத் தோளில் தாங்கிக் கூட்டி வந்தார். அவளுடைய உதடு கடிபட்டு வீங்கியிருந்தது. கண்கள் எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தன, எதையும் கேட்காமல்.

கண்டக்டர் பால்கனியில் ஏறிப் பையைத் திறந்தார். தலை முதல் கால் வரை அவர் உடம்பிலிருந்து தண்ணீர் ஒழுகிற்று. மாத்திரை அட்டை மட்டும் உலர்ந்திருந்தது. ஒன்றைப் பிதுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தார். பாட்டிலிலிருந்து நல்ல தண்ணீரை டம்ளரில் ஊற்றினார். கிடைத்த இடுக்கிலெல்லாம் சாரல் சீறிக்கொண்டு உள்ளே வந்தது.

அந்த டம்ளரில் ஒரு சொட்டு விழவிடவில்லை அவர். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அகன்ற உள்ளங்கையை அதன்மேல் குடையாகக் கவிழ்த்து, அவள் நிதானமாகக் குடித்து முடிக்கும்வரை அப்படியே குனிந்து நின்றார்.