சிரித்தால் விழுகிறவள்

எண்பதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு விழுப்புரத்தில். கணவருக்கு ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை. காலை பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தால் முண்டியம்பாக்கம் வருவதற்குள் எனக்குக் கண் செருகிவிடும். திண்டிவனத்தில் விழித்தால் அது நல்ல நாள். பல நாள் ஒலக்கூரில் விழிப்பேன், சில நாள் மேல்மருவத்தூரில். இறங்கி, எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்து, வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வருவேன்.

ராத்திரி நேரத்தோடு படுக்கிறவள்தான் நான். அப்படியும் பகலில் தூக்கம் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடும். இன்ஸ்டிடியூட்டில் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடினால் தகரக்கூரை மேல் ஆலங்கட்டி மழை பெய்வதுபோல் இருக்கும். அந்தச் சத்தத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவேன். ஒருநாள் சுருக்கெழுத்து வகுப்பில் டிக்டேஷன் கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது" வரைக்கும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கனவு வாயில் வந்துவிட்டது போல. "வாழைக்காயைத் தோல் சீவித் தண்ணியில் போடவும்" என்று நான் சொல்ல, பிள்ளைகள் மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கி, "டீச்சர், வாழைக்காய் ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டபோதுதான் விழித்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. என் கணவர் வேடிக்கையாகப் பேசுகிறவர். பார்சல் ஆபீசுக்கு வருகிறவர்களைப் போலவே பேசிக் காட்டுவார். புதிதாகக் குடித்தனம் வந்த வாரத்தில், வாசலில் நின்றபடி ஒரு வியாபாரியைப் போல நடித்துக் காட்டினார். நான் சிரித்தேன். முழங்கால் இரண்டும் மடங்கின, தலை தொங்கியது, நனைந்த துணிபோலக் கீழே சரிந்தேன். அவர் அலறினார். தண்ணீரை முகத்தில் அடித்தார். மாமியார் ஓடிவந்து, "வலிப்புடா! இரும்பைக் கையில குடு!" என்று சாவிக்கொத்தை என் கையில் திணித்தார். எனக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது. ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து உட்கார்ந்தேன்.

அதன்பின் நன்றாகச் சிரிக்கும்போதெல்லாம் விழுந்தேன். ஒரு டாக்டர் ரத்தசோகை என்று டானிக் எழுதிக்கொடுத்தார். இன்னொருவர் வலிப்புக்கு மாத்திரை தந்தார். அதைச் சாப்பிட்டு முன்னைவிட அதிகமாகத் தூங்கினேன். தெருவில் எனக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வந்தது. உடம்பும் பெருத்தது. ஒருநாள் ஸ்டவ்வில் பால் வைத்துவிட்டு நின்றபடியே தூங்கிவிட்டேன். முந்தானையில் தீப்பிடித்தது. குடத்துத் தண்ணீரை அப்படியே என் மேல் கொட்டி அணைத்தவர் மாமியார்தான். "இனிமே இந்தப் பக்கமே வராத, நான் பாத்துக்கினு போறேன்" என்று அடுப்படியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார்.

தீயைவிட எனக்குச் சிரிப்பின் மேல்தான் அதிக பயம். கணவர் பேச ஆரம்பித்தால் சுவரைப் பார்த்தபடி மனதுக்குள் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுவேன். அவருக்கு அது தெரிந்துவிட்டது. மெல்ல மெல்ல வேடிக்கைப் பேச்சையே நிறுத்திவிட்டார். சாப்பிடும்போது உப்பு இருக்கிறதா, மோர் வேண்டுமா என்பதோடு சரி. வீடு பரீட்சை ஹால்போல் ஆகிவிட்டது. விழுவதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

இது சாமி குத்தமாக இருக்குமோ என்று ஓர் அமாவாசைக்கு மாமியார் என்னை மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போனார். பகலிலேயே நல்ல கூட்டம். எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் கண்ணை மூடிக் கைகூப்பி உருகிக்கொண்டிருந்தார். பின்னால் ஓர் ஆடு வந்து அவருடைய பையிலிருந்து வாழைப்பழத்தை ஒவ்வொன்றாக உருவித் தின்றது. அவர் உருக உருக அது தின்றது. வாய்ப்பாடு சொல்ல நேரமில்லை. சிரித்தேன், விழுந்தேன்.

"ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள். வழி விட்டார்கள். என் நெற்றியில் குங்குமம் விழுந்தது. ஒரு பெண் என் காதருகே குனிந்து, "தாயே, எம் பொண்ணுக்கு எப்பக் கல்யாணம் ஆவும்?" என்று கேட்டாள். எனக்கு மேலும் சிரிப்பு வந்தது. அதனால் மேலும் எழுந்திருக்க முடியவில்லை.

மாமியார் கூட்டத்தை விலக்கினார். "அய்ய, எட்டப் போங்கம்மா. இது எங்க வூட்டு மருமவ. சிரிச்சா இப்படித்தான் வுழுவா."

சொன்ன பிறகுதான் தன் வார்த்தை அவருக்கே உறைத்தது. நான் எழுந்ததும் வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போய்க் கேட்டார்: "அழுதா நீ வுழறது இல்ல, இல்ல?"

"இல்ல அத்தை."

"பசிச்சா?"

"இல்ல."

"சிரிச்சா மட்டும்தான். ஆத்தாளுக்கு நீ சிரிக்கறதுல இன்னாம்மா கோவம்? இது சாமி குத்தம் இல்ல. பாண்டிச்சேரிக்குப் போவலாம், பெரிய டாக்டரப் பாக்கலாம்."

அடுத்த வாரமே மூவரும் போனோம். நரம்பு டாக்டர் நடுத்தர வயதுக்காரர். அவசரமில்லாமல் கேட்டார்.

"தூக்கம் பிடிக்கறதுக்கு முன்னாடியே கனவு வருதாம்மா?"

"ஆமாங்க."

"முழிச்சப்புறம் கை கால் அசைக்க முடியாம, யாரோ நெஞ்சு மேல உட்கார்ந்த மாதிரி?"

"ஆமாங்க. பேய் அமுக்குதுன்னு நினைச்சேன்."

"சிரிச்சா விழறீங்களா?"

நான் சொல்வதற்கு முன்பே அவர் கேட்டுவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது, அது எனக்கு மட்டும் வந்ததல்ல என்பதே பாதி வைத்தியம்.

"விழறதை நான் பார்க்கணுமே. கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரி என்றால் சிரிப்பு வருமா? டாக்டர் என் கணவரைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லுங்க சார்."

என் கணவர் தொண்டையைச் செருமினார். பார்சலில் வந்த பலாப்பழக் கதையை ஆரம்பித்தார். ஊரே கேட்டுச் சிரித்த கதை. அன்றைக்கு டாக்டர் முன்னால் கைகட்டி நின்று சாட்சி சொல்வதுபோல் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. நர்ஸ் மின்விசிறியைப் பார்த்தாள்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "டேய், அப்படியில்லடா. பழம் வாசன அடிச்சது மொதல்ல வரணும்."

"நீ சும்மா இரும்மா."

"மொதல்லருந்து சொல்லு. டாக்டரு காத்துக்கினு கீறாரு பாரு."

அவர் பள்ளிக்கூடப் பையன்போல் முகத்தை வைத்துக்கொண்டு, "ஒரு பலாப்பழம்..." என்று மறுபடி தொடங்கினார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சரிந்தேன். டாக்டர் தாங்கிப் பிடித்துச் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவே இல்லை. எழுந்த பிறகு தட்டினார், துள்ளியது.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். கனவு காணும்போது எல்லோருக்குமே உடம்பு தளர்ந்துதான் கிடக்கும். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் மூளை போட்டுவைத்திருக்கும் தாழ்ப்பாள் எனக்குச் சரியாக விழவில்லை. அதனால் சிரிக்கும்போது, கனவுக்குரிய அந்தத் தளர்ச்சி விழித்திருக்கையிலேயே வந்துவிடுகிறது. வலிப்பு இல்லை, பைத்தியம் இல்லை. "சோம்பேறித்தனமும் இல்லை" என்று கணவரையும் மாமியாரையும் பார்த்து அழுத்திச் சொன்னார். முழுசாகப் போகாது, சமாளிக்கலாம். தூக்கம் வரும்வரை காத்திருக்காமல் பகலில் நானே நேரம் வைத்துக் குட்டித் தூக்கம் போட வேண்டும். நெருப்பு, கிணற்றடி, சைக்கிள் மூன்றிலும் எச்சரிக்கை. கூடவே மாத்திரை.

மாத்திரையில் வாய் வறண்டது, ஆனால் விழுவது வெகுவாகக் குறைந்தது. இன்ஸ்டிடியூட் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். மெஷின் பழுது பார்க்கிற பின்னறையில் ஒரு பெஞ்சைக் காலி செய்து கொடுத்தார். மத்தியானம் அதில் கொஞ்ச நேரம் படுத்து எழுந்தால் சாயங்காலம்வரை தலை தெளிவாக இருக்கும். ரயிலில் கொய்யாப்பழம் விற்கிற அம்மா மயிலம் தாண்டியதும் என் தோளைத் தட்டுவாள். "எழுந்திரு டீச்சரு, ஒலக்கூர்ல இன்னா வேல உனக்கு?"

வீட்டில் பேச்சு திரும்பியது. என் கணவர் எதையாவது சொல்லுமுன் "உக்காரு" என்பார். மற்ற வீடுகளில் அப்படிச் சொன்னால் ஏதோ கெட்ட சேதி என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் பாயில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டு, "ம், சொல்லுங்க" என்பேன்.

மாமியார்தான் ரொம்ப மாறிப்போனார். யாராவது கொட்டாவி விட்டால் போதும், விசாரணை தொடங்கிவிடும். வளவனூரில் அவருடைய தம்பி முறையாகும் ஒருவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பெருத்த உடம்பு, தெருக்கோடிவரை கேட்கும் குறட்டை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போய் ஒருமுறை கரும்புக் கொல்லைக்குள் லாரியை விட்டவர். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, பேஜார் பண்ணாத" என்றவரை விடாப்பிடியாகப் பாண்டிச்சேரிக்கு இழுத்துப்போனார். அவருக்கு என்னுடைய வியாதி இல்லையாம். தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வருகிறதாம், அதனால் ரத்தக் கொதிப்பும் ஏறியிருக்கிறதாம். குடியை விடு, எடையைக் குறை, ஒருக்களித்துப் படு, அதுவரை லாரியைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். ஆள் பாதியாக இளைத்த பிறகுதான் மறுபடி வண்டியில் ஏறினார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் வரும்போதெல்லாம் எங்கள் வாசலில் லாரியை நிறுத்தி, "அக்கா, முழிச்சிக்கினுதான் வர்றேன்!" என்று ஹாரன் அடித்துவிட்டுப் போவார்.