ஆற்றில் விட்ட படம்

அண்ணன் போய் ஓராண்டு நிறைகிறது. இன்று வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கு என் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை. எனக்கு அவர், அவருக்கு நான் என்றே எங்கள் காலம் போயிற்று.

அண்ணன் ராசிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்கு ஆறு. என்னைக் கையில் பிடித்துக்கொண்டு குமாரபாளையம் வந்து சாயப்பட்டறையில் சேர்ந்தார். பிறகு நான் புருஷன் வீட்டில் வாழாமல் திரும்பி வந்தபோது ஊர் ஆயிரம் கேட்டது. அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று கத்தரிக்காய்க் குழம்பை அவரே வைத்து எனக்குப் போட்டார். குழம்பில் உப்பு இல்லை. நான் சொல்லவும் இல்லை.

தொழிலில் மகா கறார். சாயம் போட்ட நூல் சிட்டத்தை மாதிரிச் சிட்டத்தின் பக்கத்தில் வைத்து வெயிலில் தூக்கிப் பார்ப்பார். முதலாளியே சரி என்றாலும், அண்ணன் கண்ணுக்கு நிறம் ஒத்தால்தான் சரி. அப்படிப்பட்டவர், சிறுநீர் சிவப்பாகப் போனதைச் சாயத்தின் வேலை என்று பல மாதம் அலட்சியமாக விட்டுவிட்டார். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, மூத்திரப்பையில் புற்றுநோய் என்றார்கள். முதலில் மருந்து ஏற்றுவோம், பிறகு இன்னொரு படம் எடுத்து இரண்டையும் ஒப்பிடுவோம், கட்டி சுருங்கியிருந்தால் மருந்தைத் தொடரலாம், இல்லாவிட்டால் தாமதிக்காமல் பையையே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். பழைய படத்தைப் பத்திரமாகக் கொண்டுவரச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். என் மண்டையில்தான் ஏறவில்லை.

மருந்து ஏற்றி ஊர் திரும்பினோம். அண்ணன் தலைமுடியெல்லாம் கொட்டிப் போயிற்று. பீரோ மேலிருந்த அந்தக் கறுப்புப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நோயாளியின் துணியை ஆற்றோடு விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிக்குப் போனபோது, அண்ணன் படித்துறையில் உட்கார்ந்திருக்க, நான் கொஞ்சம் தள்ளிப் போய்ப் படத்தை உறையோடு தண்ணீரில் விட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்த தாளும் அந்த உறையில்தான் இருந்தது. நோய் போயிற்று என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுபடி மெட்ராஸ் போய்ப் புதுப் படம் எடுத்தோம். டாக்டர் பழையதைக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாய் திறக்குமுன் அண்ணன் சொன்னார்:

"பஸ்ஸுல உட்டுட்டேனுங்க. எந் தப்புங்க."

டாக்டர் கடிந்துகொண்டார். கட்டி இன்னும் இருக்கிறது, ஆனால் குறைந்ததா கூடியதா என்று இந்த ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றார். மேலும் மருந்து ஏற்றிவிட்டு இன்னொரு படம் எடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன்.

"மாதிரி இல்லாம சாயம் பாக்க முடியாதில்ல, அவரு என்ன பண்ணுவாரு," என்றார் அண்ணன். பிறகு மெல்லச் சொன்னார்: "நீ உட்ட பொறவுதான் பாத்தேன் சாமி. தண்ணி இழுத்துட்டுப் போச்சு. நோவும் அதோட போயிரும்னு எனக்கும் ஒரு நெனப்புதான்."

மூன்றாவது படத்தில் நோய் பையைத் தாண்டியிருந்தது. இனி அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்றார்கள். மார்கழியில் அண்ணன் போய்விட்டார். முதல் படம் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாதம்மா என்றார்.

மெட்ராஸ் ரயிலைப் பிடிக்க பஸ்ஸில் போய் இறங்கும்போதெல்லாம் எங்களுக்குச் சோறு போட்ட சூரமங்கலம் ரயில்வே குடியிருப்புக் குடும்பத்துக்கும், கடைசி நாட்களில் அண்ணனைத் தூக்கி உட்காரவைத்த பட்டறைக்காரர்களுக்கும் எந்த நன்றியும் போதாது.

சொந்தக்காரர்களுக்கு ஒன்று. இவ்வளவு கறாரான மனுஷன் படத்தை பஸ்ஸில் தொலைத்தாரே என்று துக்கத்துக்கு வந்தபோது பேசினீர்கள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அண்ணன் எதையும் தொலைக்கவில்லை. தொலைத்தவள் நான்.