துண்டுக்குள் தோண்டிய கிணறு

நேற்றுக் காலையில் வாசலில் கடப்பாரைச் சத்தம். எட்டிப் பார்த்தால் நாலைந்து ஆட்கள் தெருவைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். தெருவுக்குக் குழாய் வருகிறதாம். "எங்கப்பா வைக்கப் போறீக?" என்றேன். "உங்க வாசல்லதான் ஐயா. இந்தத் தெருவுல வேணாம்னு சொல்லாத ஆளு நீங்க ஒருத்தருதான்" என்றான் மேஸ்திரி. வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ வெளியூர்க்காரன். போடிக்கு வரும்போதெல்லாம் "ஊரே மணக்குதய்யா, கொடுத்துவைத்தவர் நீர்" என்று சொல்லிவிட்டு வண்டியேறிவிடுவாய். மணக்கத்தான் செய்தது, யார் இல்லை என்றார்கள்? மலையிலிருந்து ஏலக்காய் இறங்கும் மாதங்களில் என் சட்டை மணக்கும், தலையணை மணக்கும், ரசம்கூட ஏலக்காய் வாடையடித்துத் தொலையும். ஆனால் மூக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினால் பொதிமாடுகளின் சாணி, மூத்திரம், போக வழியில்லாமல் தெருவிலேயே தேங்கிக் கிடக்கும் சாக்கடை. ஓர் ஊரில் குடியிருக்க முடியுமா முடியாதா என்பதை மூக்கிடம் கேட்காதே. குடம் தூக்குகிறவளிடம் கேள்.

குடம் என்றதும் செல்லம்மா வந்துவிடுகிறாள். என் பெண்டாட்டி. மேலே மலையடியில் இருக்கிற குரங்கணிக்காரி. அப்போது நான் ஏலக்காய் மண்டியில் கணக்குப்பிள்ளை. பித்தானில்லாத கோட்டு ஒன்று வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டால் நானே ஜமீன்தார் என்று நினைப்பு. அந்தக் கோட்டோடு போய் அவள் அப்பாவிடம் ஊர்ப்பெருமை அளந்தேன். எங்கள் ஊரில் வைத்தியர் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, ராத்திரி எட்டு மணிக்கும் கடை திறந்திருக்கும். தண்ணீரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவர்கள் வீடு மாதிரி வாசலில் ஆறு ஓடுகிற வீட்டில் தண்ணீரைப் பற்றி யாருக்குக் கேட்கத் தோன்றும்?

வந்த அன்றைக்கே ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். "இது எங்கிட்டுத் தண்ணி?" "எல்லாம் உங்க ஊரு ஆத்துத் தண்ணிதான். குரங்கணியில இருந்துதான் இங்க வருது." "அப்ப எங்க ஊர்ல நாங்க குளிச்சு விட்டதை இங்க குடிக்கச் சொல்றீகளா?" என்றாள்.

தெருவில் கிணறு இல்லை. பெண்கள் ஆற்றுக்குத்தான் போக வேண்டும். கோடையில் மணலில் ஊற்றுத் தோண்டிக் காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் கரை வழுக்கும். அப்படி ஒரு நாள் நிறைகுடத்தோடு வழுக்கி விழுந்ததில்தான் எங்கள் முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது. அதை இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

மறுபடி உண்டானபோது அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "தெருவுக்குள்ள கெணறு வந்தா இங்கன இருக்கேன். இல்லைன்னா எங்க ஊருக்குப் போறேன். இந்தப் பிள்ளையவும் நான் ஆத்துக்குக் குடுக்க மாட்டேன்."

அந்தச் சமயம் பார்த்துத் தெருக்காரர்கள் கூடிப் பொதுக்கிணறு வெட்டுவதென்று முடிவானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரு நடுவில் ஒரு பூவரச மரம் நின்றது. கிணறு அதனடியில்தான் வரும், வேறெங்கே வரும் என்று அவளிடம் அடித்துச் சொன்னேன். அவளும் சீமந்தத்துக்கு ஊருக்குப் போகும் யோசனையைக்கூடத் தள்ளிவைத்தாள்.

எங்கே வெட்டுவது என்று பேச எங்கள் மண்டியிலேயே கூடினார்கள். எல்லாரும் ஏலக்காய் வியாபாரிகள். எங்கள் மண்டியில் விலையை வாயால் பேசுகிற வழக்கமில்லை. தரகர் தோள்துண்டை விரித்துப் பிடிப்பார். வாங்குகிறவர் அதற்குள் கைவிட்டு அவர் விரல்களைப் பிடித்து விலை சொல்வார். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. சரக்குக்கு நல்ல முறைதான். இந்தப் புண்ணியவான்கள் கிணற்றையும் துண்டுக்குள் கொண்டுபோனார்கள். கோயில் முக்கு என்றால் ஒரு விரல், பூவரச மரம் இரண்டு, எங்கள் மண்டி வாசல் மூன்று, தெருவைத் தாண்டிச் சுடுகாட்டுப் பாதை நாலு.

எனக்குப் பொறுக்கவில்லை. "மொதலாளி, இதை வாயாலயே பேசிரலாமே" என்றேன்.

"வாயால பேசுனா நாளைக்கு ஒருத்தன் மூஞ்சியில ஒருத்தன் முழிக்க வேண்டாமா அப்பு? நீ வாடகை வீட்டுக்காரன். உன் சோலியப் பாரு" என்றார் முதலாளி.

ஒவ்வொருவராக வந்து துண்டுக்குள் கையை விட்டார்கள். கடைசியில் தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாலு" என்றார். சுடுகாட்டுப் பாதை. ஒருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. "பலபேரு இஷ்டம், நாம என்ன செய்ய" என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கலைந்தார்கள்.

மறுநாள் ஆற்றங்கரையில் பெண்கள் பேசிக்கொண்டார்களாம். "எங்க வீட்டுக்காரரு பூவரச மரத்தடின்னுதான் விரலக் குடுத்தாராம், மத்தவுகதான் கெடுத்துட்டாகளாம்" என்று ஒருத்தி ஆரம்பிக்க, அடுத்தவளும் அதையே சொல்ல, அதற்கடுத்தவளும் அதையே சொல்லியிருக்கிறாள். செல்லம்மா வந்து குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்புட்டுப் பேரும் மரத்தடியத்தான் கேட்டாகளாம். அப்ப சுடுகாட்டுப் பாதையக் கேட்டது யாரு, பேயா?"

யார் என்று எனக்குத் தெரியும். எல்லாரும்தான். ஈரம் பட்டால் ஏலக்காய் நிறம் மாறும், பூசணம் பிடிக்கும். கிணறு என்றால் தண்ணீர் சிந்தும், தரை ஈரம் சுவரில் ஏறும், சுவரை ஒட்டித்தான் மூட்டை அடுக்கியிருக்கும். என் வாசலில் வேண்டாம் என்று ஒவ்வொருவனும் தனக்குத்தானே நினைத்துக்கொண்டு நாலு விரலைப் பிடித்திருக்கிறான். மூட்டைக்குப் பயந்தவன் ஒருவனாவது வீட்டிலிருக்கிற வயிற்றுப்பிள்ளைக்காரிக்குப் பயந்தானா?

அந்த வாரமே செல்லம்மா குரங்கணி வண்டியில் ஏறிவிட்டாள். "உங்க மேல கோவமில்ல. இந்த ஊரு மேலதான்" என்றாள். நானும் போயிருக்கலாமே என்பாய். விடிவதற்குள் பொதிமாடு வந்து நிற்கும், எடை போட மண்டியில் ஆள் வேண்டும். குரங்கணியில் எனக்கு என்ன வேலை, கோட்டு போட்டுக்கொண்டு ஆட்டை மேய்க்கவா? அமாவாசைக்கு மண்டி லீவு. அன்றைக்கு மட்டும் போவேன், மறுநாள் திரும்புவேன். பெண் பிறந்தது. நன்றாகவே பிறந்தது, நன்றாகவே வளர்ந்தது. பேச்சு வந்த புதிதில் ஒருமுறை என்னை வாசலில் பார்த்துவிட்டு உள்ளே ஓடியது. "ஆத்தா, வண்டிக்காரரு வந்திருக்காரு."

செல்லம்மா அடுப்படியில் சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். நான் வண்டிக்காரன் மாதிரியே வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

சுடுகாட்டுப் பாதைக் கிணறு என்னவானது என்கிறாயா? பெண்கள் ஒருத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை. மண்டிக்கு வருகிற பொதிமாடுகளுக்கு அங்கே தண்ணீர் காட்டினார்கள். மாடுகளுக்கு நல்ல வசதி. பிறகு ரோடு வந்தது, பொதிமாடுகள் போயின. கிணற்றில் குப்பை கொட்டி மூடிவிட்டார்கள். பூவரச மரத்தை வெட்டியாயிற்று. முதலாளியும் இல்லை, தரகரும் இல்லை. இப்போதெல்லாம் ஏலக்காய் விலையை ஊருக்கே கேட்கும்படி சத்தம் போட்டுத்தான் சொல்கிறார்கள். பெண்ணைப் பக்கத்து ஊரான தேவாரத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. செல்லம்மா மட்டும் இன்னும் குரங்கணியில்தான் இருக்கிறாள்.

நேற்றே குரங்கணி வண்டிக்காரனிடம் சொல்லியனுப்பினேன், நம் வாசலிலேயே குழாய் வருகிறது, வந்துவிடு என்று. இன்று பதில் வந்தது. "அவுகளையே வச்சுக் குடிக்கச் சொல்லு. எனக்கு இனிமே வீடு மாத்த முடியாது."

சாயங்காலம் குழாயில் தண்ணீர் விட்டார்கள். அன்றைக்கு ஊருக்குப் போகும்போது அவள் விட்டுப்போன பித்தளைக் குடம் அடுப்படியில் கவிழ்ந்தே கிடந்தது. அதை எடுத்து வந்து பிடித்தேன். இத்தனை வருஷம் சும்மா கிடந்ததில் அடியில் ஈயப்பற்று விட்டிருக்கிறது போலிருக்கிறது. வாசலிலிருந்து அடுப்படிக்குள் போவதற்குள் பாதி ஒழுகிவிட்டது.