காடு ஈன்ற காளைக்கன்றுகள்

சிறுவயதில் மலையூரான கவுஞ்சியில் எங்கள் தோட்டத்துக்கு மேலிருந்த காடு கன்று ஈனும் என்று உறுதியாக நம்பினேன். மூடுபனி இறங்கி விலகினால் சில நாள் வேலியோரம் புதுக்கன்று ஒன்று நிற்கும். எல்லாமே கலப்பின ஜெர்சி, எல்லாமே காளை. என்னைப் போல ஒரு பெண்ணைப் பெறக் காட்டுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

சின்னம்மா அவற்றை வாளியில் பால் குடிக்கப் பழக்குவாள். சாணம் கேரட் பாத்திக்கு ஆகும். வளர்ந்ததும் உழவுக்குப் பழக்கி நல்ல விலைக்குக் கொடுப்பாள். பால் தராத காளையை வளர்க்கிறாளே என்று ஊர் சிரித்தாலும் அவளுக்கு அதில் லாபம்தான். ஆனால் சில கன்றுகள் வந்த வேகத்தில் கழிந்து கழிந்தே செத்துப்போகும். சீம்பால் குடிக்காமல் வந்தவை என்பாள். குழியை அவளே வெட்டுவாள்.

ஒரு நாள் மத்தியானமே பனி இறங்கி வேலி மறைந்துவிட்டது. அதற்குள்ளிருந்து கைக்குழந்தை அழுவதுபோல ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் தொப்புள்கொடி காயாத கன்று சேற்றில் கிடந்தது. சுற்றிலும் ஒரு குளம்படிகூட இல்லை. செருப்புத் தடம் மட்டும் வந்து, திரும்பி, பனிக்குள் போயிருந்தது. காட்டுக்குக் கால் உண்டு, அது செருப்பும் போடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"ஏ புள்ள, இன்னைக்குச் சீம்பால் உள்ள போகலன்னா இதுவும் பொழைக்காது" என்று சொல்லிக்கொண்டே சின்னம்மா அதைச் சாக்கால் துடைத்தாள். கன்று என் விரலைச் சப்பியது. வாய்க்குள் சூடே இல்லை. அது செத்துவிடுமோ என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு உருவம் அசைந்து வந்தது. அலறப் போனேன், பார்த்தால் கீழ்வீட்டு அக்கா. முந்தானைக்குள் தூக்குவாளி.

"சீம்பாலுங்க. வீட்டுல தெரியாமக் கொண்டாந்தேன். வெரசா குடுங்க, பய இன்னும் ஒரு வாய் குடிக்கல."

சின்னம்மா வாங்கி வாளியில் ஊற்றினாள். காடு ஈன்ற கன்று எப்போது குடித்தது, எப்போது குடிக்கவில்லை என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்? கேட்க வாயெடுத்தேன். சின்னம்மா என் கையைக் கிள்ளினாள். அக்கா கன்றைத் தொடக் கை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டு, வந்த வழியே போய்விட்டாள்.

கன்று மஞ்சள் பாலை வாளியின் அடிவரை நக்கிக் குடித்தது. "பொழச்சுக்கும்" என்றாள் சின்னம்மா. அந்நேரம் கீழ்வீட்டுத் தொழுவத்தில் மாடு கத்தத் தொடங்கியது. கன்று காதைத் தூக்கி அந்தப் பக்கமே பார்த்தது. பனி விலகிய பிறகும் கத்தல் ஓயவில்லை. பாவம், மாடும் பனிக்குப் பயப்படும்போல என்று நினைத்து, நான் வேலியோரம் நின்று, பனி போய்விட்டது, பயப்படாதே என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.