மெயின் லைன்

ஆவூரில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்த சேசுராஜ், ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து கட்டிலோடு கிடந்தான். அன்று மச்சினன் ஜெரால்டு வேப்பெண்ணெயோடு வந்து காலைப் பிடித்தான்.

"நரம்பு தளந்துருச்சு மச்சான். தேச்சா சரியாப் போயிரும்."

சேசுராஜுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கால் நல்லாத்தான்டா இருக்கு! மூளையிலேர்ந்து முதுகெலும்புக்குள்ள ஒரு தண்டு எறங்குது. அதுலேர்ந்துதான் காலுக்கு நரம்பு பிரியுது. அந்தத் தண்டு நசுங்கிக் கெடக்கு. மெயின் லைன் போயிருச்சு, நீ பல்பத் தொடைச்சுக்கிட்டு இருக்க!"

"அவ்வளவு ஒசரத்துலேர்ந்து விழுந்தா..."

சேசுராஜ் எண்ணெய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். எண்ணெய் சுவர்வரை தெறித்தது.

"விழுந்தப்போ எனக்குக் கால் வெரல் அசைஞ்சுச்சுடா! தூக்காதீங்க, பலகை கொண்டாங்கன்னு தொண்ட கிழியக் கத்துனேன். விழுந்தவனத் தூக்கி உக்கார வச்சு சோடா குடுத்தாத்தான் ஒங்களுக்கெல்லாம் மனசு ஆறும். அக்குள்ள கையக் குடுத்து மடக்கித் தூக்குனது யாரு?"

ஜெரால்டு சிந்திய எண்ணெயைத் துடைக்கக் குனிந்தான். துணி பிடித்த கை நடுங்கியது.

சேசுராஜ் அதையே பார்த்தான்.

"கை நடுங்குதுல்ல? ஒனக்கு லைன் நல்லா இருக்கு. எந்திரிச்சு நடந்து போ."