கையேட்டில் இருந்த 'முதல் நாள்'

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவள்ளூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். புகுமுக வகுப்பில் சேர்பவர்களுக்கு ஒரு சிறு கையேடு கொடுப்போம். தமிழ்வழி வகுப்புகள் வந்தபின் அது தமிழிலும் அச்சானது. எழுதியவர் யாரென்று தெரியாது. நான் வேலைக்கு வரும்போதே இருந்தது. ஆண்டுதோறும் கிழமையை மட்டும் மாற்றி மறுபடி அச்சிடுவார்கள். நிறுவனர் படம், முதல்வரின் வாழ்த்துரை, நூலக விதிகள் எல்லாம் தாண்டிப் பின்பக்கத்தில் இந்த வரிகள் இருக்கும்: 'கல்லூரி புதன்கிழமை திறக்கும். புதிய மாணவர்கள் முதல் நாள் காலை அசல் சான்றிதழ்களுடன் வந்து பெயர் பதிய வேண்டும். வராதவர் இடம் ரத்தாகும்.'

முதல் நாள் என்றால் முந்தின நாள், அதாவது செவ்வாய்க்கிழமை. அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் படித்தோம். அண்ணனோ அக்காவோ கல்லூரியில் படித்த வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் படித்தார்கள்.

அந்த ஆண்டு புதன்கிழமை காலையில் எளாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மகளுடன் வந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. அந்தப் பெண் ஒயர்க்கூடையில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். அவளுடைய இடம் முந்தின மாலையே காத்திருந்தவர்களில் ஒருவருக்குப் போய்விட்டது. முதல்வர் அதைச் சொன்னதும் தகப்பனுக்கு விளங்கவில்லை.

"மொத நாளுன்னுதானே சாரு போட்டுக்கீது? இன்னிக்கித்தானே தொறக்கறீங்க? நேத்து வந்தா பூட்டிக்கினு இல்ல இருக்கும்?"

"நேத்துதான் வரணும்னு எழுதியிருக்கு. படிச்சுப் பார்க்கலையா?"

"எனுக்குப் படிக்கத் தெரியாது சாரு. பொண்ணுதான் படிச்சிச் சொல்லிச்சி."

முதல்வர் கெட்டவர் அல்ல. அடுத்த வருஷம் வரும்படியும், அவளுடைய மதிப்பெண்ணுக்கு நிச்சயம் இடம் உண்டு என்றும் சொன்னார். அவர்கள் வராந்தாவுக்குப் போனார்கள். என் மேஜை ஜன்னலை ஒட்டி இருந்ததால் தகப்பன் பேசியது கேட்டது.

"பதினோரு கிளாசு படிச்ச. ஒரு வரி தமிளு படிக்கத் தெர்ல உனுக்கு."

அவள் கையேட்டைப் பிரித்து அந்த வரியின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றாள். அவர்கள் போனபின் நானும் ஒரு பிரதியை எடுத்துப் படித்தேன். திறக்கிற முதல் நாள் என்றும் படிக்கலாம். அதுவரை எனக்கு அது தோன்றியதே இல்லை.

முதல்வரிடம் காட்டினேன். வாங்கிப் படித்தார். "அடுத்த வருஷத்துக்குப் புத்தகத்தையே மாத்திடுங்க. பிழைன்னு மட்டும் எங்கேயும் எழுத வேண்டாம்" என்றார்.

அந்தப் பனிக்காலம் முழுக்க எனக்கு அதுவே வேலை. வர வேண்டிய நாளை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். ஆங்கிலத் தேதி, கிழமை, அவற்றோடு ஆனி மாதத் தேதியும் போட்டேன். வயல் வேலை செய்பவர்கள் தமிழ்த் தேதியில்தான் நாளை வைத்திருப்பார்கள். என்னென்ன கொண்டுவர வேண்டும், எந்தப் பஸ், எந்த அறை என்று ஒவ்வொன்றையும் தனி வரியாக்கினேன். நிறுவனர் படம் பின்னால் போனதில் சிலருக்கு வருத்தம். வழக்கமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகக்காரருக்கு வேறு வருத்தம்.

"பார்டர் இல்லாம மொட்டையா கீது சார். வாழமரம் பிளாக்கு கீது, ரெண்டு பக்கமும் நிறுத்திடட்டா?"

"இது கல்யாணம் இல்லைங்க."

"இதுவும் புது எடத்துக்குப் போறதுதானே சார்."

சித்திரையில் புத்தகம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு பிரதியை அஞ்சலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்து எளாவூரில் இறங்கினேன். ஆந்திர எல்லைச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றன. வீட்டை விசாரித்துப் போனபோது அந்த விவசாயி வைக்கோல் போரடியில் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"அடுத்த வருசம்னு சொன்னீங்க. அது எங்க ஆவப்போவுது சாரு. எல்லைக்கு அந்தாண்ட தடா ஊர்ல மாப்ள பாத்தாச்சி. ஆவணில கல்யாணம்."

மகளைக் கூப்பிட்டார். அவள் வந்து கையேட்டை வாங்கி நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தாள். பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"முதல் நாள்னு இருந்துச்சே, அது எங்க சார்?"

"எடுத்துட்டேன்மா. எந்தத் தேதி, எந்தக் கிழமைன்னே போட்டிருக்கு."

"ஏன் எடுத்தீங்க?"

"அதுக்கு ரெண்டு அர்த்தம் வருது. நீ படிச்சதும் சரிதான்."

அவள் தகப்பனைப் பார்த்தாள். "நைனா, கேட்டியா?"

"கேட்டுக்கினுதான் கீறேன்" என்றார் அவர், வைக்கோலைப் பார்த்தபடி.

"இன்னொருவாட்டி சொல்லுங்க சார். கொஞ்சம் சத்தமா. அண்ணி உள்ள கீறாங்க."

சொன்னேன். அந்தப் பெண் சரியாகத்தான் படித்தாள், புத்தகத்தில் எழுதியதுதான் சரியில்லை என்று வாசற்படியைப் பார்த்து உரக்கச் சொன்னேன். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

அவள் கையேட்டை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "புதுசா சேர்றவங்களுக்குக் குடுங்க சார்."

பஸ் நிறுத்தம்வரை தகப்பன் உடன் வந்தார். மோர் குடிக்காமல் நான் போகிறேனே என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார். ரோட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்து, லாரிகளுக்கு நடுவில் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அன்னிலேந்து அவகிட்ட ஒண்ணையும் படிக்கக் குடுக்கல சாரு. தபாலு வந்தாகூட டீக்கடையில லெட்டரு படிச்சி எளுதித் தர்றவங்கிட்டதான் எடுத்துக்கினு போவேன். அவளும் பாத்துக்கினுதான் இருப்பா."