கணவாய்க்கு இருபத்துநாலு

என் மனைவியை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் "ஆறு மணி அக்கா". எழுபது வயதுக் கிழவர்கூட அக்கா என்றுதான் சொல்வார். குளிர்காலம் ஐந்து மாதமும் காலை ஆறு மணிக்கு வானொலியில் அவள் குரல் வரும். மலைக்கு இந்தப் பக்கம் எவ்வளவு பனி விழும், அந்தப் பக்கம் எவ்வளவு, நடுவில் கணவாயில் எவ்வளவு, காற்று எந்தத் திசை, பாதை திறந்திருக்குமா மூடுமா என்று ஒன்றரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவாள். வணக்கமும் கிடையாது, நன்றியும் கிடையாது. கேட்பவர்கள் பல் தேய்த்துக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு எதற்கு வணக்கம் என்பாள்.

எனக்கு வேலை கணவாய்ப் பாதையின் அடிவாரத்தில். தடுப்புக் கம்பத்தைத் தூக்குவது, இறக்குவது. மேலே பனி பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் கொட்டும். கணவாய்க்கு இருபது சென்டிமீட்டருக்கு மேல் என்று அவள் சொன்னால், அன்று பன்னிரண்டு மணிக்கு நான் கம்பத்தை இறக்கியாக வேண்டும். இருபதுக்குக் கீழே என்றால் திறந்தே கிடக்கும். ஆக, வீட்டிலும் அவள் பேச்சைத்தான் கேட்கிறேன், ரோட்டிலும் அவள் பேச்சைத்தான் கேட்கிறேன். ரோட்டில் கேட்பதற்கு மட்டும் சம்பளம் உண்டு.

அவளோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டாள். "இந்தச் சட்டை எனக்கு நல்லாருக்கா?" என்று கேட்டால், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நூத்துக்கு அறுபது" என்பாள். பெண் பார்க்கப் போனபோது, என்னைப் பிடித்திருக்கிறதா என்று என் அம்மா கேட்டதற்கு, "வாய்ப்பு அதிகம்" என்றாள். என் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு அந்த நிமிடமே பிடித்துப்போனது. இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. இன்னும் நூற்றுக்கு நூறு வாங்கின பாடில்லை.

ஊர்க்காரர்கள் இன்னும் மோசம். வானொலியை நம்புவதைவிட எங்கள் வீட்டுத் துணிக்கொடியைத்தான் நம்புவார்கள். ஆறு மணி அக்கா துணியை வெளியே காயப்போட்டால் பனி இல்லை, உள்ளே போட்டால் உண்டு. அவள் வேலை பார்க்கும் வானிலை நிலையம் எங்கள் வீட்டை ஒட்டியே இருப்பதால் பால்காரர், தபால்காரர், பள்ளிக்கூட மணியடிப்பவர் எல்லோரும் எங்கள் வேலியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அன்றைய வேலையைத் தொடங்குவார்கள். என் உள்ளாடைகளுக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைக்காது.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு மனக்கஷ்டம் இருந்தது. அவளுடைய அக்கா.

மூத்தவள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். பதினோரு வருடங்களுக்கு முன்னால் அவள் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் பக்கத்திலிருந்து கணவாய் தாண்டிப் போக வேண்டும். பாதை திறந்திருக்கும் என்று என் மனைவி சொன்னாள். நான் கம்பத்தைத் தூக்கி வழி விட்டேன். பாதி வழியில் பனி பிடித்துக்கொண்டது. நாற்பது பேர் சாலைப் பணியாளர் கொட்டகையில் இரண்டு நாள் குந்தியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் இரண்டு நாளும் பிஸ்கட் மட்டும் தின்றதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார். கல்யாணம் இரண்டு நாள் தள்ளி நடந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அக்கா தங்கை பேச்சு அதோடு நின்றுபோனது. "இனிமே அவ வாயில வர எதையும் நான் நம்பமாட்டேன்" என்று மூத்தவள் சபையில் வைத்துச் சொல்லிவிட்டாள். தொழிலே வாயில் வருவதைச் சொல்வதுதான் என்னும்போது, அந்தச் சொல் இவளை எங்கே குத்தியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

போன மாதம் அந்தக் கல்யாணப் பெண்தான் நடுவில் புகுந்து அம்மாவைச் சம்மதிக்க வைத்தாள். செய்தி வந்தது. மூத்தவள் வருகிறாள், வியாழக்கிழமை, மதியம் ஒன்றரை மணி பஸ். கூடவே ஒரு வாலும் இருந்தது: இந்தத் தடவையும் ஏதாவது தடங்கல் வந்தால் திரும்ப யாரும் கூப்பிட வேண்டாம்.

என் மனைவி திங்கட்கிழமையே வீட்டைத் தலைகீழாக்கினாள். திரைச்சீலை துவைத்தாள். அக்காவுக்குப் பிடித்த நாற்காலி எது என்று யோசித்து, அப்படி ஒரு நாற்காலியே எங்களிடம் இல்லை என்று கண்டுபிடித்து, பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்து போட்டாள். செவ்வாய்க்கிழமை வானிலை வரைபடத்தைப் பார்த்தாள். புதன்கிழமையும் பார்த்தாள்.

வியாழன் காலை ஐந்து மணிக்குக் கையில் விளக்கோடு முற்றத்துக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். வெள்ளைப் பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தாள். பனி அளக்கும் பலகையில் ஒன்றுமில்லை, இருந்தாலும் வழக்கம்போல் துடைப்பத்தால் ஒரு தடவை பெருக்கினாள். உள்ளே வந்து காற்றழுத்தத்தைக் குறித்தாள். தலைமை அலுவலகம் அனுப்பிய எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணவாய்க்கு எப்போதும் போடும் கணக்கைப் போட்டாள். பென்சில் நின்ற இடத்தை எட்டிப் பார்த்தேன். இருபத்துநாலு.

வானத்தில் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, இருபத்துநாலுக்கும் பத்தொன்பதுக்கும் பெரிசா என்ன வித்தியாசம்? அஞ்சு விரல்கடைகூட இல்ல. பத்தொன்பதுன்னு போட்டுடேன். பஸ் மூணு மணிக்குள்ள கணவாயைத் தாண்டிடும்" என்றேன்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இதையேதாங்க அக்காவும் கேட்டா."

"எப்போ?"

"கல்யாணத்துக்கு முந்தின நாள். போன்ல அழுதா. பாதையை மூடிட்டா என் பொண்ணு மானம் போயிடும், நல்லதா நாலு வார்த்தை சொல்லுடின்னா. எனக்கு அன்னைக்கு வந்தது இருபத்தெட்டு. நான் பதினஞ்சுன்னு சொன்னேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பதினோரு வருடமாக, வானிலை என்றால் சில சமயம் தப்பும், அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று ஊரெல்லாம் அவளுக்காகச் சண்டை போட்டவன் நான். அன்றைக்குக் கம்பத்தைத் தூக்கியதும் இதே கைதான். சுள்ளென்று கோபம் வந்தது. "நாப்பது பேருடி!" என்று கத்தினேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். என்னிடம்கூடச் சொல்லாமல் இத்தனை வருடம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள் என்று நினைத்தபோது கோபம் வந்த வேகத்திலேயே இறங்கிவிட்டது.

"இன்னைக்குப் பனி பெய்யலேன்னா?" என்று கேட்டேன். "வெயில் அடிச்சா? வேணும்னே வரவிடாம பண்ணிட்டான்னு நினைச்சுக்குவாங்களே."

"நினைச்சுக்கட்டும். பெய்ய வாய்ப்பு நூத்துக்கு எழுபத்தஞ்சு. மிச்சம் இருபத்தஞ்சுக்கு நான் என்ன பண்ண?"

ஆறு மணிக்கு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தாள். "கணவாயில் இருபத்துநான்கு சென்டிமீட்டர். பாதை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மூடப்படும்" என்றாள். குரல் ஆடவில்லை. ஒலிபரப்பு விளக்கு அணைந்த பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறரைக்கு அக்கா வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ஏழு மணிக்கும் அப்படியே. "கேட்டுட்டா. கோபமா இருக்கா" என்றாள். ஏதாவது உபகாரம் செய்யலாமே என்று மிச்சமிருந்த துணிகளை அலசிப் போட்டுவிட்டு நான் வேலைக்குப் போனேன்.

ஒன்பதரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காலை பஸ் இறங்கி வந்து என் கம்பத்துக்கு முன்னால் நின்றது. கதவு திறந்தது. முதலில் ஒரு பெட்டி வந்தது, அடுத்து இன்னொரு பெட்டி, அப்புறம் மூச்சிரைக்க என் மூத்த மச்சினி இறங்கினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"வாங்க அண்ணி! நீங்க மத்தியான பஸ்னு..."

"பன்னெண்டுக்கு மூடுறாளாமே? அப்புறம் ஒன்றரை மணி பஸ்ல எங்க வர்றது? விழுந்தடிச்சு ஏழு மணி பஸ்ஸைப் பிடிச்சேன். போன் அடிச்சுது, எடுக்க நேரமில்ல. ஒரு செருப்பு வேற மாறிப்போச்சு, பாருங்க மாப்பிள்ளே." பார்த்தேன். ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு.

"நீங்கதான் அவ சொல்றதை நம்பமாட்டீங்களே அண்ணி?"

மூத்தவள் கம்பத்தடியில் இருந்த என் காவல் கூண்டுக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் கொடுத்த டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பதினோரு குளிர்காலமும் ஒரு நாள் விடாம ஆறு மணிக்குக் கேட்டுட்டுதான் இருக்கேன். பனிக்கா கேட்டேன்? அவ எப்படி இருக்கான்னு எனக்கு வேற எப்படித் தெரியும்? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வாரம் பூரா தொண்டை கட்டியிருந்தது. கஷாயம் வெச்சுக் குடுக்க ஆளில்லையான்னு உங்களைத்தான் திட்டினேன்."

திட்டு வாங்கியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப் போனேன். என் மனைவி கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை, கையைப் பிடிக்கவில்லை. வாசலிலேயே, "அக்கா, அன்னைக்கு எனக்கு இருபத்தெட்டுனு தெரியும். தெரிஞ்சேதான் பதினஞ்சுனு சொன்னேன்" என்று கொட்டிவிட்டாள். விருந்தாளியை வரவேற்கும் லட்சணம் இதுதான்.

"எனக்குத் தெரியும்டி" என்றாள் மூத்தவள்.

"தெரியுமா?"

"அன்னைக்கு உன் குரல் நடுங்கிச்சு. கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு, நான் கெஞ்சினதுக்காக நீ மாத்திட்டேன்னு. தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேன். ஒரு போன் பண்ணி அவங்களைக் கிளம்ப வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அத்தனை பேரும் மாட்டிக்கிட்டதும் உன் மூஞ்சியைப் பார்க்க வெட்கமாயிடுச்சு. வெட்கத்தை வெளிய காட்ட முடியுமா? கோபம்னா காட்டலாம்." குரல் உடைந்தது. "இன்னைக்குக் காலைல நீ இருபத்துநாலுன்னே. துளி நடுக்கம் இல்ல. அதான் ஓடிவந்தேன்."

அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு வேலை இல்லை. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதபோது பெட்டிகளை உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பன்னிரண்டு மணிக்குக் கம்பத்தை இறக்கினேன். வானம் கழுவி விட்டதுபோல நீலமாக இருந்தது. லாரிக்காரர்கள் மூன்று பேர், மரக்கடைக்காரர், ஒரு கல்யாணத் தரகர் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. "எங்கய்யா பனி?" என்றார் தரகர். மரக்கடைக்காரர் நேராக அடிமடியில் கை வைத்தார். "உங்க வீட்டுக் கொடியில துணி தொங்குதே! உங்க வீட்டம்மாவே நம்பலை, நாங்க எதுக்கு நம்பணும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் நான் செய்த உபகாரம். அவசரத்தில் அலசினதை எங்கே போட்டோம் என்றுகூடப் பார்க்காமல் வெளியே போட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஊரே அதைப் பார்த்துவிட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. "அது நான் போட்டதுய்யா! என் துணிக்கும் வானத்துக்கும் சம்பந்தம் இல்ல!" என்று எவ்வளவோ சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. லாரிக்காரர்கள் கம்பத்தில் சாய்ந்துகொண்டு என்னையும் என் பெண்டாட்டியையும் சேர்த்து வைத்துக் கிண்டல் செய்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மேற்கையே பார்த்தேன். மிச்சம் இருபத்தைந்து, மிச்சம் இருபத்தைந்து என்று மனசு அடித்துக்கொண்டது. அக்காதான் வந்துவிட்டாளே, இனி என்ன என்று நீங்கள் கேட்கலாம். இந்தத் தடவை அவள் சொன்னது பலிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. உள்ளதை உள்ளபடி சொன்ன நாளில் அவள் தோற்கக் கூடாது.

மூன்றேகாலுக்குக் கணவாய் மறைந்தது. மூன்றரைக்கு மரக்கடைக்காரர் தொப்பியில் முதல் பனி விழுந்தது. கால் மணி நேரத்தில் எதிரே நின்ற லாரி தெரியவில்லை. தரகர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். நான் அடுத்த முறைக்காரரிடம் கூண்டை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். இந்த வயதில் ஓடக் கூடாது, ஆனாலும் ஓடினேன்.

இருபத்தாறு வருடத்தில் ஒரு பனி அவளுக்குத் தெரியாமல் விழுந்ததில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டோடு எழுந்து ஜன்னலுக்குப் போவாள். காய்ச்சலில் படுத்திருந்தாலும் போர்வையோடு போவாள். கதவைத் திறந்தேன். அக்காவும் தங்கையும் அடுப்பங்கரையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் மூன்று முறை டீ குடித்த கோப்பைகள் இருந்தன. பதினோரு வருடக் கதையில் இன்னும் முதல் வருடத்தையே தாண்டவில்லை போலிருந்தது. தலையிலும் தோளிலும் பனியோடு நான் நிற்பதை இருவரும் கவனிக்கவில்லை.

"ஏம்மா, வெளிய பனி பெய்யுது" என்றேன்.

"அப்படியா?" என்றாள் என் மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல். "கதவைச் சாத்துங்க, அக்காவுக்குக் குளிரும்."